வலியனின் வாசகி

இந்தியன் இங்க் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கிடைக்காது. நன்னிலத்திலும் கிடைக்காது. கும்பகோணம் போக வேண்டும். அங்கேயும் கடைக்காரர் தூசி தட்டித்தான் எடுத்துக் கொடுப்பார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் கொடுத்திருக்கிற இந்தப் பால்பாயிண்ட் பேனாவில் கோடு முழுக்க ஒரே தடிமனாக விழுகிறது. இருபத்தைந்து இதழுக்குப் படம் வரைந்த கைக்கு இது சிரமம். எழுத்து கோணலாக இருந்தால், பயத்தில் கை நடுங்கியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

முதலில் இருந்து நிதானமாக எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் பஞ்சநதம். பிறந்தது திருவையாறு. வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. உரக்கடைகளுக்குப் பெயர்ப்பலகை, சினிமாக் கொட்டகைக்குத் தட்டி என்று எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவன், இந்த ஊருக்கு வந்து முகம்மது யூசுப் பாயின் அச்சகத்துக்கு எதிரே ஓர் அறை பிடித்துத் தங்கிவிட்டேன். பாய் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துக்கொண்டிருந்தார். மகன் நௌஷாத் துபாயில் வேலை. சபராளிகளின் ஊர் இது. வெளிநாட்டுக்குச் சபர் போனவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தெருவில் பத்து வீடு இருந்தால் ஏழு வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. மாடி வீடு இருக்கும், கிரில் கேட் இருக்கும், பீரோவில் நகை இருக்கும், உள்ளே ஒரு பெண் தனியாக இருப்பாள். ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருஷங்கள் வேறு. குடியானவர் தெருவிலும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு காவல் வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள். உங்கள் ஸ்டேஷனில் அப்போது ஒரே ஒரு ஜீப், அதுவும் தள்ளினால்தான் கிளம்பும்.

அப்படித்தான் வலியன் பிறந்தான்.

நாற்று நட்ட வயலில் குச்சி ஊன்றி வைத்திருப்பார்களே, அதில் வந்து உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் கறுப்புக் குருவி, வால் இரண்டாகப் பிளந்திருக்கும். அதுதான் வலியன். தன்னைவிடப் பெரிய காக்கையை, பருந்தைக்கூட விரட்டி விரட்டிக் கொத்தும். என் வலியன் பகலில் கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா. வேலை வந்துவிட்டால் கறுப்பு முகமூடி, பின்னால் இரண்டாகப் பிளந்த கறுப்பு அங்கி. பறக்க மாட்டான், சுவரில் ஏற மாட்டான். பார்ப்பதுதான் அவன் சக்தி. ஒருவன் வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்தைப் பார்த்தே அவன் சொல்லப்போகிற பொய்யைச் சொல்லிவிடுவான்.

பாயிடம் பத்துப் பக்கம் வரைந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. அடிச்சுப் பாப்போமே" என்றார். இரண்டு மாதத்துக்கு ஓர் இதழ் என்று முடிவாயிற்று. தொண்ணூற்றிரண்டில் முதல் இதழ் வந்தது.

முதல் இரண்டு இதழும் கட்டுப் பிரிக்காமலேயே ஏஜெண்டுகளிடமிருந்து திரும்பி வந்தன. ஊரெல்லாம் கேபிள் டி.வி. இழுத்துக்கொண்டிருந்த நேரம். பிறகு எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்த் தஞ்சாவூரில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். பயிருக்கு அடிக்கிற மருந்தை நான் குடித்துவிட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். நெருப்பில்லாமல் புகையாது, கொஞ்சம் குடித்தது உண்மைதான். பாய்தான் வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். அவர் சட்டையெல்லாம் என் வாந்தி. கமருன்னிஸா அக்கா, அதாவது பாயின் மனைவி, தினமும் பஸ் ஏறிக் கஞ்சி கொண்டுவந்தார்கள். நன்றி மறந்தவன் என்று என்னைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த மறுவாரம், வலியனுக்கு முதல் கடிதம் வந்தது.

பாய் கையில் கொண்டுவந்து கொடுத்தார். தபால் தலை கிடையாது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இந்த ஊரில் துபாய்க் கடிதத்துக்குத் தபால் தலை யார் ஒட்டுகிறார்கள்? லீவில் வருகிறவர் பெட்டியில் பத்து வீட்டுக் கடிதம் இருக்கும். வந்து இறங்கியதும் வீடு வீடாகக் கொடுத்துவிடுவார். உறையை முகர்ந்து பார்த்தேன். வெளிநாட்டுச் சோப்பு வாசனை. பெட்டியில் சோப்புகளுக்கு நடுவே பயணம் செய்த கடிதம் என்று அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டேன். வலியனாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

எழுதியவள் பெயர் தஹ்மீனா. துபாயில் கணவனோடு இருப்பவள், குழந்தை இல்லை. யாரோ கொண்டுவந்த பெட்டியில் சாமான் சுற்றிய தாளாக வலியன் கிடைத்தானாம். கசங்கியதை நீவி நீவிப் படித்தாளாம். "அடுத்த இதழ் எப்போது வரும்? நீங்கள் நிறுத்திவிட மாட்டீர்களே? வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடித்திருந்தாள். அன்றைக்கு நான் அழுதேன், ஐயா. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்கள்.

அன்று மாலையே மூன்றாம் இதழை ஆரம்பித்தேன். நான் எழுதிய பதிலைக் கமருன்னிஸா அக்கா வாங்கிக்கொண்டார்கள். "இன்னாரு இந்த வாரம் சபர் போறாரு தம்பி, அவரு கையில குடுத்து விட்டுர்றேன்" என்றார்கள். அதற்குப் பிறகு இதழ் விற்காத பிரச்சினையே இல்லை. பாய் ஒவ்வொரு தடவையும், "எல்லாம் போயிருச்சு தம்பி. பாதி காரைக்கால் பக்கம், பாதி துபாய்ப் பெட்டியில" என்பார். நம் ஊர்க் கடைகளில் வலியன் தொங்கி நான் பார்த்ததில்லை. கடையில் தொங்கினால் விற்கவில்லை என்று அர்த்தம். எனக்கென்று பாய் பத்துப் பிரதி தருவார். அவற்றை சலூனிலும் டீக்கடைகளிலும் நானே கொண்டுபோய்ப் போடுவேன்.

இனி ரெத்தினம்.

தொண்ணூற்று நான்கு தை மாதம், மேலத்தெரு ரசியா பேகம் வீட்டில் நகை திருட்டுப் போனது உங்கள் பதிவேட்டில் இருக்கும். அவர் நாகூருக்குப் போயிருந்த பகல். ஓட்டைப் பிரித்து இறங்கி, பீரோவைத் திறந்து, பிள்ளைகளின் நகையைத் தொடாமல் பெரியவர்கள் நகையை மட்டும் எடுத்திருந்தான். நாசூக்கான திருட்டு. அதுவரை நான் கற்பனைக் குற்றங்களையே எழுதிக்கொண்டிருந்தேன். உண்மைக் குற்றம் ஒன்று நம் தெருவிலேயே நடந்த பிறகு வலியன் சும்மா இருந்தால் அவன் எதற்கு? பதினோராம் இதழில் அதை எடுத்துக்கொண்டேன். மேலத்தெருவை அப்படியே வரைந்தேன். மின்சாரக் கம்பம், டிரான்ஸ்பார்மர், கிரில் கேட், எல்லாம். திருடனுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. பம்ப்செட் மெக்கானிக் ரெத்தினம் எதிரே நடந்து போனார்.

அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வரைவதற்கு நல்ல முகம். ஒட்டிய கன்னம், வலது புருவத்தில் தழும்பு. பத்து நாளைக்கு முன்னால்தான் ரசியா பேகம் வீட்டு மோட்டாரைப் பிரித்து மாட்டியிருந்தார். பீரோக் கைப்பிடியில் இருந்த கிரீஸ் கறையை வைத்து வலியன் அவரைப் பிடிக்கிறான். இருபத்தேழாம் பக்கத்தில், திருடனின் வலது கையை அவனுடைய பட்டறையிலேயே இருக்கும் வைஸில், அந்த இரும்புக் கவ்வியில் வைத்து, ஒப்புக்கொள்ளும்வரை முறுக்குகிறான். அந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. விரல்கள் வரைவது எப்போதும் கஷ்டம்.

வியாழக்கிழமை சலூனில் பிரதியைப் போட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் ரெத்தினத்தின் பட்டறைக்குப் போனார்கள். ரசியா பேகத்தின் தம்பி லீவில் வந்திருந்தான், அவன் முன்னால் நின்றான். எதிர்ச்சாரியில் டீ குடித்துக்கொண்டு நான் பார்த்தேன். இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தபடியே செய்தார்கள். வைஸைக்கூடத் தேடவில்லை; எங்கே இருக்கும் என்று படத்தில் பார்த்திருந்தார்கள். முதல் சுற்றில் அவர் கத்தினார். இரண்டாம் சுற்றில், "நான் எடுக்கல சாமி, என் புள்ள மேல சத்தியம்" என்றார். மூன்றாம் சுற்றில் எலும்பு உடையும் சத்தம் எதிர்ச்சாரிவரை கேட்டது, அவர் ஒப்புக்கொண்டார். "நகைய எங்கடா வச்சே?" என்று கேட்டார்கள். அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்றார். அதனால் இன்னும் இரண்டு சுற்று முறுக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். மனைவி அழுதுகொண்டே கட்டைப் பிரித்துக் காட்டினாள். உள்ளங்கை கறுத்துப் போயிருந்தது. இருபத்தேழாம் பக்கத்தில் சுண்டுவிரலை நான் தவறான பக்கம் மடக்கி வரைந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பதினோராம் நாள் ரெத்தினம் இறந்துபோனார்.

நீங்கள் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பதினாறு மாதம் நம் மூன்று தெருவிலும் ஒரு பித்தளைச் சொம்புகூடத் திருட்டுப் போகவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? பெண்கள் கொல்லைக்கதவைச் சாத்தாமல் குளிக்கப் போனார்கள். ஓர் ஆள் போனதற்கு இத்தனை பேருக்கு நிம்மதி.

ரசியா பேகத்தின் நகைகள் என் அறையில் மேசைக்கு அடியில் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஒரு குன்றிமணி குறையாது. கொடுத்துவிடுங்கள். நான் திருடன் இல்லை. துப்பறிகிறவனுக்கு ஒரு வழக்கு வேண்டும். வழக்கு தானாக வரும் என்று குச்சியில் உட்கார்ந்திருந்தால் பட்டினிதான்.

அந்த இதழைப் படித்துவிட்டுத் தஹ்மீனா எழுதிய கடிதம் எனக்கு முழுக்க மனப்பாடம். "அந்த மெக்கானிக்கின் கையை நசுக்கியதை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வலியன் ஒரு தடவை தப்பாகக் கண்டுபிடிக்கட்டுமே. தப்பு என்று தெரிந்ததும் அந்த வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்கட்டும். அப்படி ஒரு கதை எழுதுங்கள், ஏழு தடவை படிப்பேன்."

எவ்வளவு நல்ல மனம் பாருங்கள். ஆனால் வாசகர் கேட்பதையெல்லாம் எழுதினால் கதை கெட்டுவிடும். வலியன் தப்பாகக் கண்டுபிடிக்க முடியாது என்று நான்கு பக்கம் விளக்கிப் பதில் எழுதி, அக்காவிடம் கொடுத்தேன். அன்று அக்காவுக்குக் காய்ச்சல் போலிருக்கிறது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நீங்க அந்த ரெத்தினம் வூட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றேன். "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க. அந்தப் புள்ளைங்க முகத்தைப் பாத்தா அப்படித்தான் தோணுது" என்றார்கள்.

பிரபு விஷயத்தை நீங்கள் பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள், மீதியைச் சொல்கிறேன். குடியானவர் தெருப் பையன். இருபத்துநான்கு வயது, குவைத் விசா அடித்து, துணிமணிகூட வாங்கிவிட்டான். சலூனில் முடி வெட்டிக்கொண்டே என் புத்தகத்தைப் புரட்டி, "இதையெல்லாம் எவன்யா படிப்பான்? அந்த ரெத்தினம் மாமாவும் எடுத்திருக்க மாட்டாரு" என்றான். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். முதலில் சொன்னதை மன்னித்திருப்பேன். இரண்டாவது சொன்னது ஊருக்குக் கெடுதல். ஒருவன் சந்தேகப்பட்டால் பத்துப் பேர் சந்தேகப்படுவார்கள், பிறகு யாருக்கும் பயம் இருக்காது.

அடுத்த மாதம் அதே தெருவில் அகிலாண்டம் என்ற பெண்ணின் வீட்டுக் களத்தில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. அருகே கட்டியிருந்த கறவை மாடு கயிறு அறுபடாமல் அப்படியே எரிந்துபோனது. மாடு எரியும் வாசனை மூன்று நாள் தெருவில் இருந்தது. சாம்பலில் ஒரு வெளிநாட்டு லைட்டர் கிடந்தது, பிரபுவுக்கு அவனுடைய மச்சான் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. சலூனில் அவன் மறந்துவிட்டுப் போனதை எடுத்து வைத்தவன் நான். பத்தொன்பதாம் இதழில் வலியன் அந்த லைட்டரைக் கண்டெடுக்கிறான். இந்தத் தடவை இரண்டே நாள்தான் ஆயிற்று. அகிலாண்டத்தின் அண்ணன்மார்கள் பஸ் ஸ்டாப்பில் பட்டப்பகலில் அவனைக் கவிழ்த்துப் போட்டு, இடது குதிகால் நரம்பை அரிவாளால் அறுத்தார்கள். பஸ் வந்தது, நின்றது, ஆளை ஏற்றாமல் போய்விட்டது. குவைத் விமானமும் அப்படித்தான் போயிருக்கும். இன்று பிரபு கம்பு ஊன்றி நடக்கிறான், விசா காலாவதியாகிவிட்டது.

தஹ்மீனா மூன்று வரிதான் எழுதியிருந்தாள். "வலியனைப் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கும் ஒரு வீடு இருக்கும். எவ்வளவு தப்பு செய்துவிட்டு வந்தாலும் சாப்பாடு போட அங்கே ஒருத்தி இருப்பாள்." என்னைக் காதலிக்கிறாளோ என்று அன்று முதன்முதலாக ஒரு நினைப்பு வந்தது. கணவன் உள்ள பெண். அதனால் அந்த நினைப்பை அங்கேயே நிறுத்திக்கொண்டேன். எனக்கும் ஒழுக்கம் உண்டு.

இனி பாய்.

போன மாதம் அவர், "அச்சகத்தக் குடுத்துடலாம்னு இருக்கேன் தம்பி. நௌஷாத் எஸ்.டி.டி. பூத் வைக்கச் சொல்றான். இருவத்தஞ்சோட வலியன நிறுத்திக்குவோம்" என்றார். நான் கெஞ்சினேன். காலில்கூட விழுந்தேன். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, "உங்களுக்குப் பூத்துல வேலை இருக்கு. எங்க வூட்டுலயே சாப்பிடுங்க. நான் உங்கள வுட்ருவனா?" என்றார். நான் கேட்டது சோறா? இதழுக்கு ஆயிரத்து ஐந்நூறு பிரதி, அத்தனை குடும்பம் காத்திருக்கிறது. துபாயில் ஒருத்தி காத்திருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

இருபத்தாறாம் இதழை அன்றே வரைய ஆரம்பித்தேன். ஓர் அச்சக முதலாளி கொல்லப்படுகிறார். கொன்றவன் கம்பு ஊன்றி நடப்பவன். தன்னைப் பற்றி அச்சடித்தார் என்ற ஆத்திரத்தில் கொல்கிறான். என் மேசையில் நீங்கள் எடுத்த பக்கங்கள் அவைதாம். பாய் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பே அவற்றை முடித்துவிட்டேன் என்பதை நான் மறைக்கவில்லை. பிரபுவின் கம்பை முந்தின நாளே டீக்கடை வாசலில் இருந்து எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று, அந்த வெள்ளிக்கிழமை மதியம்வரை நான் முடிவு செய்யவில்லை. வரைவது வேறு, செய்வது வேறு. அவர் மனம் மாறுவதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கத்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை அச்சகத்துக்கு விடுமுறை. அச்சுக் கோக்கிற மங்களாம்பிகை அம்மாவும் வரமாட்டார்கள். ஜும்மா முடிந்து, தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே பாய் வந்தார். "உக்காருங்க தம்பி" என்றார். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாலு வருஷமா சொல்லாம இருந்துட்டேன். தப்புதான். இன்னிக்கித் தொழுவும்போது முடிவு பண்ணிட்டேன், சொல்லிப்புடணும்னு."

என் பக்கத்தில் சேஸ் இருந்தது. ஈய எழுத்துகளைப் பக்கமாக அடுக்கி நெருக்கி முடுக்கும் இரும்புச் சட்டம். இருபத்தைந்தாம் இதழின் கடைசிப் பக்கம் அதில் இன்னும் பிரிக்காமல் இருந்தது. சும்மா கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம்.

"அந்தத் தஹ்மீனாங்கிற புள்ள இருக்குல்ல..." என்று ஆரம்பித்தார்.

மேற்கொண்டு பேச நான் விடவில்லை. அவளைப் பற்றி ஏதோ கெட்டதாகச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு பெண்ணைப் பற்றி அப்படிக் கேட்டுக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை. முதல் அடி காதுக்கு மேலே. "தம்பி" என்றார், கூப்பிடுகிற மாதிரிதான். கையை நீட்டினார், நான் விழுந்துவிடுவேன் என்று பிடிக்க வருவதுபோல. இரண்டாவது அடி முகத்தில் விழுந்தது. மூக்கு உள்ளே போய்விட்டது. சட்டத்தின் ஆணி கழன்று, எழுத்துகளெல்லாம் அவர்மேல் கொட்டின. மூன்றாவது அடியிலிருந்து நான் எண்ணவில்லை. பிரேதப் பரிசோதனையில் ஒன்பது என்று வந்திருப்பதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் இருக்கும்.

பிறகு கல்லாவை உடைத்தேன், பிரபுவின் கம்பை அவர் கால்மாட்டில் போட்டேன். எல்லாம் வரைந்தபடி. திரும்பும்போது தரையைப் பார்த்தேன். எழுத்துகள் நாலாபுறமும் கிடந்தன. எழுத்து தரையில் சிந்திக் கிடந்தால் பாய்க்கு ஆகாது. எவ்வளவு வேலை இருந்தாலும் அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போவார். மனம் கேட்கவில்லை. மண்டியிட்டு எல்லாவற்றையும் பொறுக்கினேன், வாளித் தண்ணீரில் அலசினேன், துணியில் துடைத்தேன், எழுத்துப் பெட்டியில் அறை அறையாகப் பிரித்துப் போட்டேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் தாடைக்கு அடியில் சிக்கியிருந்த ஓர் எழுத்தைக்கூட விடவில்லை.

நீங்கள் என்னைப் பிடித்தது அதில்தான். மறுநாள் காலை, பிரபுவை இழுத்துப்போக ஒரு கூட்டம் வாசலில் நின்றது. நீங்கள் அவர்களைப் பார்த்து, "திருட வந்தவன், கொல்ல வந்தவன், எவனாச்சும் எழுத்தப் பொறுக்கிப் பொட்டியில போட்டுட்டுப் போவானாய்யா?" என்று கேட்டீர்கள். மங்களாம்பிகை அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, பாய் மற்ற அச்சகங்கள் மாதிரி அடுக்கமாட்டார், இது அவர் பழக்கப்படுத்திய வரிசை, இந்த வரிசை தெரிந்தவர்கள் அவரையும் சேர்த்து மூன்றே பேர் என்றார்கள். ஒருவர் செத்துக் கிடக்கிறார். இன்னொருவர் அந்த அம்மா, முந்தின நாள் மகளின் பிரசவத்துக்குப் பூம்புகார் போயிருந்தார். மூன்றாவது, பாயிடமே அச்சுக் கோக்கப் பழகிய நான். கூட்டம் என் பக்கம் திரும்பியது. அருமையான துப்பு, ஐயா. வலியனே பாராட்டியிருப்பான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் ஒழுங்கால் கெட்டேன்.

ஆனால் நேற்று நீங்கள் செய்தது உங்களுக்கு அழகில்லை.

அச்சகத்தின் பின்கட்டு அறையைத் திறந்து காட்டினீர்கள். சாவி எப்போதும் பாயிடம்தான் இருக்கும். ஈய மூட்டை கிடக்கிறது என்று சொல்லியிருந்தார். உள்ளே கூரைவரை கட்டுக்கட்டாக வலியன். மூன்றாம் இதழிலிருந்து இருபத்தைந்துவரை, கட்டிய சணல்கூடப் பிரிக்காமல். அடிக்கட்டைக் கரையான் தின்றிருந்தது. "ஒரு புத்தகம் விக்கலய்யா. ஒன் உசுரு நிக்கணும்னு அந்த மனுசன் மகன் பணத்துல அச்சடிச்சு அடுக்கியிருக்காரு" என்றீர்கள். பிறகு இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள். ஒன்று தஹ்மீனாவின் கடிதம். இன்னொன்று கமருன்னிஸா அக்கா உங்கள் முன்னால் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். "எழுத்தப் பாரு" என்றீர்கள். அக்கா கடிதங்களை வெளிநாட்டுச் சோப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்து கொடுத்ததாகவும் சொன்னீர்கள்.

பார்த்தேன். பொறுமையாகவே பார்த்தேன். பெண்களின் கையெழுத்து ஒன்றைப்போல ஒன்று இருப்பது சகஜம். ஒரே மதரசாவில் படித்திருப்பார்கள். கட்டுகளைப் பொறுத்தவரை, அவை மறுபதிப்பு. தேவைக்கு எடுக்கலாம் என்று அடித்து வைத்திருப்பார். குற்றவாளியை உடைப்பதற்கு, உன்னை யாரும் நேசிக்கவில்லை என்று நம்பவைக்க வேண்டும் என்பது பழைய உத்தி. பதினேழாம் இதழில் வலியனும் அதைத்தான் செய்தான். அதைப் படித்துத்தான் நீங்களும் கற்றுக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆக, படித்தவர் ஒருவராவது இருக்கிறார்.

சரி, முடிக்கிறேன். ரசியா பேகம் வீட்டில் திருடியது நான். அகிலாண்டத்தின் வைக்கோல் போரைக் கொளுத்தியது நான். ரெத்தினத்தின் கையும் பிரபுவின் காலும் என் பேனா முனையிலிருந்து போனவை. முகம்மது யூசுப் பாயை என் இரண்டு கையாலும் அடித்துக் கொன்றேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒரே ஓர் உதவி. இந்தத் தாளோடு தனியாக ஓர் உறை வைத்திருக்கிறேன். தஹ்மீனாவுக்கு எழுதிய பதில். இதழ் கொஞ்சம் தாமதமாகும், கவலைப்படாதே, வேளைக்குச் சாப்பிடு என்றுதான் எழுதியிருக்கிறேன். விலாசம் என்னிடம் இல்லை. நான்கு வருஷமாக எல்லாம் கைமாற்றித்தான் போயிற்று. கணவனை இழந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா முடியாமல் அக்கா வெளியே வரமாட்டார்கள், அதனால் நீங்களே வீட்டுக் கதவைத் தட்டிக் கமருன்னிஸா அக்காவின் கையில் கொடுத்துவிடுங்கள். என் கடிதம் ஒன்றுகூட அவர்கள் கையில் தவறியதில்லை. பதில் வந்துவிடும்.